மாதிரி ரயிலில் மனம் ஒட்டவில்லையா? பலகையை மீண்டும் ஓடவைக்க ஒரு முழுமையான வழிகாட்டி

மாதிரி ரயில் வைத்திருப்பவருக்கு ஆர்வம் போய்விட்டது என்பதை அவருக்கு முன்பே வீட்டில் உள்ளவர்கள் கண்டுகொள்கிறார்கள். ரயில் ஓடும் பலகையின் மேல் முதலில் இஸ்திரிக்குப் போகவேண்டிய துணி வந்து உட்காரும். யாரும் எதிர்ப்புச் சொல்லவில்லை என்றதும் செய்தித்தாள் கட்டு, பிள்ளைகளின் போன வருடப் புத்தகங்கள், தீபாவளிக்கு வந்த காலி இனிப்புப் பெட்டிகள். அவற்றுக்கு அடியில் எங்கோ ஒரு ஸ்டேஷனும் இரண்டு சிக்னலும் பாதி வர்ணம் பூசிய பாலமும் கிடக்கும்.

இந்தக் கட்டத்தில் பலர் புதிதாக ஒரு என்ஜின் வாங்குகிறார்கள். சிலர் எல்லாவற்றையும் விற்றுத் தலைமுழுகிவிடலாம் என்று முடிவெடுக்கிறார்கள். இரண்டுமே அவசரம். ஆர்வம் வற்றியதற்கான காரணம் பெரும்பாலும் நம் மனதில் இருப்பதில்லை, பலகையின் மேலேயே இருக்கிறது என்பது என் கட்சி. ஒழுங்காக ஓடாத என்ஜினும், ஆயுளுக்குள் முடிக்கமுடியாத அளவும் எப்பேர்ப்பட்ட பிரியத்தையும் கொன்றுவிடும். எனவே கீழே உள்ள படிகளை இதே வரிசையில் எடுத்துக்கொள்ளுங்கள். மலை, மரம், கட்டடம் எல்லாம் கடைசியில்தான் வரும்.

முதல் படி: எது போயிருக்கிறது என்று பாருங்கள்

லெவல் கிராசிங்கில் கேட் மூடியிருக்கிறது, சரக்கு ரயில் ஒன்று கடந்து போகிறது. நீங்கள் பெட்டிகளை எண்ணுகிறீர்களா? என்ஜின் எந்த ஷெட்டைச் சேர்ந்தது என்று எட்டிப் பார்க்கிறீர்களா? அப்படியென்றால் ரயில் மேல் உள்ள பிரியம் அப்படியேதான் இருக்கிறது. அலுத்துப்போனது உங்கள் லேஅவுட், அதாவது பலகையில் நீங்கள் போட்டிருக்கும் பாதை அமைப்பு மட்டும்.

ஒரு நோட்டுப் புத்தகத்துடன் பலகையின் பக்கத்தில் அரை மணி நேரம் உட்காருங்கள். எதையும் சரிசெய்யப் போகவேண்டாம். எதைப் பார்த்தால் எரிச்சல் வருகிறது என்று மட்டும் எழுதுங்கள். எழுதியதைப் படித்தால் உங்கள் நோய் எந்த வகை என்று தெரிந்துவிடும்.

அடிக்கடி காண்பது ஓட்டக் கோளாறு. ஸ்டேஷனை விட்டுக் கிளம்பிய என்ஜின், தடம் பிரியும் பாயிண்டின் நடுவில் நின்றுவிடுகிறது. விரலால் ஒரு தட்டு. கொஞ்ச தூரம் போய் மறுபடியும் நிற்கிறது. மறுபடியும் ஒரு தட்டு. இப்படியே ஒரு மாலை போனால் அடுத்த மாலை சுவிட்சைப் போடவே கை வராது. ஆர்வம் குறைந்துவிட்டது என்று சொல்கிறவர்களில் பாதிப் பேருக்காவது உண்மையில் தேவைப்படுவது துடைப்பதற்கு ஒரு பாட்டில் ஆல்கஹாலும் நான்கு துண்டு ஒயரும்தான்.

அடுத்தது அளவுக் கோளாறு. இதைக் கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் புரியும். நம் ஊர் எக்ஸ்பிரஸ் ரயில்களின் எல்எச்பி ரகப் பெட்டியின் உடல் நீளம் 23.54 மீட்டர். 1:87 என்ற எச்ஓ அளவில் அது ஏறத்தாழ 27 செ.மீ. 22 பெட்டி கொண்ட எக்ஸ்பிரஸை என்ஜினோடு நிறுத்தினால் 6 மீட்டரைத் தாண்டும். பத்துக்குப் பன்னிரண்டு அறையின் நீளச் சுவரே மூன்றரை மீட்டர் சொச்சம்தான். பெட்டி வளைவில் பார்க்க இயல்பாகத் திரும்பவேண்டுமானால் வளைவின் ஆரம் பெட்டி நீளத்தைப்போல் மூன்று மடங்காவது இருக்கவேண்டும் என்பது இந்தத் தொழிலில் பழகிய கணக்கு. அதாவது 81 செ.மீ. ஆரம், 1.6 மீட்டருக்கு மேல் விட்டம். திரும்பி வரும் வளைவு ஒன்றே அறையில் பாதியைத் தின்றுவிடும். 1:160 என்ற சிறிய அளவுக்குப் போனாலும் அதே ரயில் 3.4 மீட்டர், சுவருக்குச் சுவர். சென்னை சென்ட்ரலைக் கட்டப்போகிறேன் என்று தொடங்கியவர்கள் மூன்றாம் வருடம் சோர்ந்துபோவதில் வியப்பில்லை.

மூன்றாவது, வாங்கும் கோளாறு. பிரிக்காத பெட்டிகள் அலமாரியில் அடுக்கியிருக்கும், ஓடுகிற ரயில் ஒன்றுகூட இருக்காது. நான்காவது, பிறருடையதைப் பார்த்து மனம் சுருங்குவது. ஹாம்பர்க்கில் 2001-இல் திறந்த மினியட்டூர் வுண்டர்லாண்டின் காணொளியைப் பார்த்துவிட்டுத் தன் பிளைவுட் பலகையைப் பார்த்தால் யாருக்கும் தொண்டை அடைக்கத்தான் செய்யும். அங்கே நூற்றுக்கணக்கானோர் சம்பளத்துக்கு வேலை பார்க்கிறார்கள் என்பதையும் சேர்த்து நினைத்துக்கொள்ளவேண்டும்.

துல்லியம் பிடித்தவர்களுக்கு மட்டும் வரும் இன்னொன்றும் உண்டு. நம் அகலப்பாதை 1676 மி.மீ. 1:87-இல் அது 19.3 மி.மீ. வரவேண்டும். கடையில் கிடைக்கும் தண்டவாளமோ 16.5 மி.மீ., அதாவது ஐரோப்பாவின் 1435 மி.மீ. பாதைக்கானது. இந்த மூன்று மில்லிமீட்டர் குறையை ஒருமுறை கவனித்துவிட்டால் பிறகு கண்ணை உறுத்திக்கொண்டே இருக்கும். ஆறுதலுக்கு ஒன்று சொல்கிறேன். ஆங்கிலேயர்களின் ஓஓ அளவில் ரயில்கள் 1:76 விகிதத்தில் இருக்கும், தண்டவாளம் அதே 16.5 மி.மீ.தான். கணக்குப்படி 18.83 மி.மீ. இருந்திருக்கவேண்டும். குறுகலான அந்தப் பாதையில்தான் பிரிட்டனில் தலைமுறை தலைமுறையாக ரயில் விடுகிறார்கள். மிகத் துல்லியம் வேண்டுவோர் சிலர் தாங்களே 18.83-இல் தண்டவாளம் செய்துகொள்கிறார்கள். மற்றவர்கள் கண்ணைக் கொஞ்சம் சுருக்கிக்கொண்டு மகிழ்ச்சியாக இருக்கிறார்கள்.

இடமாற்றம், கைக்குழந்தை, படுக்கையில் பெற்றோர் என்று வீட்டு நிலவரமே காரணமாக இருந்தால் உங்களுக்கு ஆர்வம் போகவில்லை, நேரம்தான் போயிருக்கிறது. நேராகக் கடைசிப் படிக்குப் போய்விடுங்கள். ரயில் மட்டுமல்லாமல் சாப்பாடு, பாட்டு, நண்பர்கள் எல்லாமே வாரக்கணக்கில் ருசிக்கவில்லை என்றால் அது இந்த வழிகாட்டியின் எல்லைக்குள் வராது. கூச்சப்படாமல் மருத்துவரைப் பாருங்கள்.

இரண்டாம் படி: பலகையைக் காலி செய்து, பர்ஸை மூடுங்கள்

மேலே கிடக்கும் பொருள்களை இன்றே இறக்கிவிடுங்கள். பழைய வேட்டியோ பெட்ஷீட்டோ போட்டு மூடுங்கள். மூடிய பலகையின் மேல் துணி வைக்க வீட்டில் யாருக்கும் மனம் வராது என்று நான் உத்தரவாதம் தரமாட்டேன், ஆனால் தூசியாவது படியாது.

ஒரு ரயில் தடங்கலின்றி ஓடும்வரை என்ஜின், பெட்டி, கட்டடம் எதுவும் வாங்குவதில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒயர், ஈயம், ஆல்கஹால், எண்ணெய் மட்டும் விதிவிலக்கு. புதுப் பெட்டியைப் பிரிக்கும் இன்பம் ஒரு வாரம் நிற்கும். பிறகு ஓடாத ரயில்களில் இன்னொன்று கூடியிருக்கும்.

மூன்றாம் படி: ஒரே ஒரு என்ஜின், ஒரு மீட்டர் தண்டவாளம்

முழு லேஅவுட்டையும் மறந்துவிடுங்கள். உங்களிடம் உள்ளவற்றில் நல்ல என்ஜின் ஒன்றை எடுங்கள். அதிகச் சக்கரங்களில் மின்சாரம் எடுக்கும் டீசல் அல்லது மின்சார என்ஜின் நல்லது. குட்டி நீராவி என்ஜின் அழகுதான், ஆனால் அதன் பிடிவாதத்தைத் தாங்கும் பொறுமை இப்போது உங்களிடம் இல்லை. பலகையில் நேரான ஒரு மீட்டர் தண்டவாளத்தைத் தேர்ந்தெடுங்கள், அல்லது மேசையில் தனியாக ஒரு துண்டைப் போட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் தண்டவாளம். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் மருந்துக் கடையிலும் மின்னணுச் சாமான் கடையிலும் கிடைக்கும். 90 சதவீதத்துக்கு மேல் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். பஞ்சு நூலிழை விடாத துணியை அதில் நனைத்து, தண்டவாளத்தின் மேல்முகத்தையும் உள்விளிம்பையும் துடையுங்கள். உப்புத்தாள் போடாதீர்கள். கண்ணுக்குப் பளபளப்பாகத் தெரிந்தாலும் அது கீறிவிட்டுப்போன மெல்லிய பள்ளங்களில்தான் அடுத்த அழுக்கு வந்து உட்காரும். தண்டவாளம் நிக்கல் சில்வர் என்றால் துடைத்தாலே போதும். மஞ்சள் நிறப் பித்தளையாக இருந்தால், அதுவும் கடலோர ஊராக இருந்தால், அடிக்கடி துடைக்கவேண்டியிருக்கும். பித்தளையில் படியும் ஆக்ஸைடு மின்சாரத்தைத் தடுப்பதே அந்தப் பழைய தண்டவாளங்கள் வழக்கொழிந்ததற்குக் காரணம்.

அடுத்து சக்கரம். சமையலறைக் காகிதத்துண்டு ஒன்றில் ஆல்கஹாலைச் சொட்டவிடாமல் ஈரப்படுத்தித் தண்டவாளத்தின் குறுக்கே விரியுங்கள். என்ஜினின் ஒரு முனைச் சக்கரங்கள் காகிதத்தின் மேலும், மறுமுனைச் சக்கரங்கள் வெறும் தண்டவாளத்தின் மேலும் நிற்கட்டும். என்ஜினைக் கையால் பிடித்துக்கொண்டு மெதுவாக மின்சாரம் கொடுங்கள். காகிதத்தின் மேல் இருக்கும் சக்கரங்கள் நின்ற இடத்திலேயே சுழலும். சில விநாடிகளில் வெள்ளைக் காகிதத்தில் இணையாக இரண்டு கரிய கோடுகள் விழும். பார்த்தால் மை தீட்டியதுபோல் இருக்கும். காகிதத்தை நகர்த்தி மறுபடியும் சுழலவிடுங்கள், கோடு சாம்பல் நிறமாகும், பிறகு மறையும். என்ஜினைத் திருப்பி வைத்து அடுத்த முனை. ஆல்கஹால் எளிதில் தீப்பிடிக்கும். சன்னலைத் திறந்துவையுங்கள், பக்கத்தில் விளக்கோ அடுப்போ வேண்டாம். சக்கரத்தில் ரப்பர் வளையம் இருந்தால் அதை அதிகம் ஊறவிடாதீர்கள்.

இந்தக் கரிய கோட்டைப் பார்ப்பதில் ஒரு திருப்தி இருக்கிறது. வாரக்கணக்காக என்ஜினைத் திட்டிக்கொண்டிருந்ததற்கான காரணம் கண்முன்னே காகிதத்தில் கிடக்கிறது அல்லவா.

பெட்டிகளை மறந்துவிடாதீர்கள். பிளாஸ்டிக் சக்கரங்கள் அழுக்கைச் சேர்த்துத் தண்டவாளம் முழுவதும் பூசிக்கொண்டே போகும். சுத்தமான என்ஜினுக்குப் பின்னால் அழுக்குப் பெட்டிகளைக் கட்டினால் இரண்டு நாளில் பழைய கதைதான். நகத்தால் சுரண்டினாலே கட்டியாக உதிரும். பிற்பாடு கையில் பணம் இருக்கும்போது உலோகச் சக்கரங்களுக்கு மாறுங்கள். பல்சக்கரங்களில் தலைமுடி, கம்பள நூல் சுற்றியிருந்தால் இடுக்கியால் எடுங்கள். எண்ணெய் குண்டூசி முனை அளவு, அதுவும் பிளாஸ்டிக்கைப் பாதிக்காத ரகம். வீட்டில் இருக்கிறதே என்று தேங்காய் எண்ணெயைத் தொடாதீர்கள், மார்கழியில் உறைந்து பல்சக்கரத்தை ஒட்டவைத்துவிடும்.

இப்போது அந்த ஒரு மீட்டரில் என்ஜினை மிக மெதுவாக முன்னும் பின்னும் விடுங்கள். ஆளில்லாத ஸ்டேஷனில் சரக்கு ரயில் நகரும் வேகம் வரவேண்டும். தண்டவாளத்துக்கு அடியிலுள்ள குறுக்குக்கட்டையான ஸ்லீப்பர் ஒன்றிலிருந்து அடுத்த ஸ்லீப்பருக்கு ஊர்ந்து போகிற அளவுக்கு வந்துவிட்டால், பெரும்பாலானோர் அங்கேயே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வார்கள்.

நான்காம் படி: மின்சாரம் போகாத இடத்தைத் தேடுங்கள்

ஒரு மீட்டரில் நன்றாக ஓடும் என்ஜின் லேஅவுட்டில் தடுமாறினால் குற்றவாளி பாதை. தண்டவாளத் துண்டுகளை இணைக்கும் தகட்டுக் கவ்விகள் மின்சாரத்தைக் கடத்தும் என்று நம்பித்தான் எல்லோரும் தொடங்குகிறார்கள். முதல் வருடம் கடத்தும். பிறகு தளர்ந்து, உள்ளே ஆக்ஸைடு படிந்து, ஒவ்வோர் இணைப்பிலும் கொஞ்சம் கொஞ்சமாக வோல்ட் குறையும். கட்டுப்பாட்டுப் பெட்டியின் பக்கத்தில் துள்ளி ஓடும் ரயில் மறுகோடியில் நொண்டுவது இதனால்தான்.

மல்டிமீட்டரை நேர்மின் வோல்ட் அளவில் வைத்து, ஒரு ரயில் ஓடிக்கொண்டிருக்கும்போதே பாதையின் பல இடங்களில் அளந்து பாருங்கள். ரயில் நிற்கும்போது அளந்தால் எல்லா இடமும் நல்ல பிள்ளையாகத்தான் இருக்கும். மின்னோட்டம் இருந்தால்தான் குறை தெரியும். எங்கே திடீரென்று இறங்குகிறதோ அங்கே ஒயர் வேண்டும். ஒவ்வொரு தண்டவாளத் துண்டுக்கும் அடியிலிருந்து தனி ஒயர் கொடுத்து, பலகைக்குக் கீழே ஓடும் தடித்த ஒயர் ஜோடியில் சேர்ப்பதுதான் நிரந்தரத் தீர்வு. தண்டவாளத்தின் வெளிப்பக்கத்தில் சால்டர் செய்யுங்கள், உள்பக்கம் சக்கர விளிம்புக்கு வேண்டும். சால்டரிங் அயர்ன் நுனி நன்றாகச் சூடாக இருக்கட்டும், இரண்டு மூன்று விநாடியில் எடுத்துவிடுங்கள். பயந்து பயந்து குறைந்த சூட்டில் நெடுநேரம் வைத்தால்தான் ஸ்லீப்பர் உருகும். இருபுறமும் ஈரப்பஞ்சு வைத்துக்கொண்டால் சூடு பரவாது. டிசிசி என்னும் எண்முறைக் கட்டுப்பாடு வைத்திருப்பவர்கள் இதை இன்னும் கறாராகச் செய்யவேண்டும். அதில் கட்டளையும் மின்சாரமும் ஒரே தண்டவாளத்தில்தான் வருகின்றன.

பாயிண்டில் இரு தண்டவாளங்கள் குறுக்கிடும் அந்த ‘வி’ வடிவ இடம் சிலவற்றில் பிளாஸ்டிக்கால் ஆனது. நீளமான என்ஜின் அதைத் தாண்டிவிடும், குட்டி என்ஜினின் சக்கரங்கள் அத்தனையும் அதன் மேல் விழுந்தால் நின்றுவிடும். அடுத்த முறை பாயிண்ட் வாங்கும்போது உலோகத்தாலான ‘வி’ உள்ளதை வாங்கி, பாயிண்ட் திரும்பும்போதே அதன் மின்சாரமும் மாறும்படி சுவிட்ச் வையுங்கள். தடம் புரள்கிற பெட்டி என்றால் வெர்னியர் அளவுகோலால் சக்கரங்களின் உள்முக இடைவெளியை அளவெடுங்கள். 16.5 மி.மீ. பாதைக்கு அது 14.4 முதல் 14.5 மி.மீ. வரை இருக்கவேண்டும். ஒரே பெட்டி எல்லா இடத்திலும் புரண்டால் பெட்டியின் தவறு. எல்லாப் பெட்டியும் ஒரே இடத்தில் புரண்டால் பாதையின் தவறு. இதை வைத்தே முக்கால்வாசி வழக்கை முடித்துவிடலாம்.

நம் ஊர் வெயிலுக்கு ஒரு வார்த்தை. நிக்கல் சில்வர் 3 மீட்டர் நீளம் இருந்தால் 20 டிகிரி வெப்ப வேறுபாட்டில் சுமார் ஒரு மில்லிமீட்டர் நீளும். எல்லா இணைப்பையும் இறுக்கி ஈயம் வைத்துவிட்டால் சித்திரை மாதத்தில் பாதை பாம்பாக நெளியும். அங்கங்கே இடைவெளி விடுங்கள். மழைக்காலத்தில் ஈரம் குடித்து ஊதும் மரச்சட்டம் இதைவிடப் பெரிய தொல்லை. பலகையின் அடிப்பக்கத்துக்கும் வார்னிஷ் அடிப்பது அதற்காகத்தான்.

ஐந்தாம் படி: முடிக்கக்கூடிய ஒன்றைக் கட்டுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்வேன் என்றால் இதைச் செய்யுங்கள்.

ஆலன் ரைட் என்ற ஆங்கிலேயர் வடிவமைத்த இங்கிள்நூக் சைடிங்ஸ் என்னும் ஷண்டிங் புதிர், அதாவது பெட்டிகளை இழுத்தும் தள்ளியும் வரிசை மாற்றி நிறுத்தும் ஆட்டம், உலகம் முழுக்கப் பிரபலம். இரண்டே இரண்டு பாயிண்ட், பெட்டிகள் நிற்கும் கிளைப்பாதைகளாக மூன்று சைடிங். ஒன்றில் ஐந்து பெட்டிகள் நிற்கும், மற்ற இரண்டிலும் மும்மூன்று. என்ஜின் ஒதுங்கும் முன்பாதையில் என்ஜினோடு மூன்று பெட்டிக்கு மட்டும் இடம். மொத்தம் எட்டுப் பெட்டிகள். எட்டுச் சீட்டு எழுதிக் குலுக்கி ஐந்து எடுங்கள். எடுத்த வரிசையிலேயே அந்த ஐந்து பெட்டிகளையும் நீளமான சைடிங்கில் ரயிலாகக் கோக்கவேண்டும். பெட்டியைக் கையால் தூக்கக்கூடாது. அமையக்கூடிய ரயில்கள் 6,720. எட்டு, ஏழு, ஆறு, ஐந்து, நான்கு ஆகியவற்றைப் பெருக்கிப் பாருங்கள்.

ஓஓ அளவில் பழைய நான்கு சக்கரச் சரக்குப் பெட்டி சுமார் 9 செ.மீ. ஐந்து பெட்டிக்கு 45, முன்பாதைக்கு 40, இரண்டு பாயிண்டுக்கு 35. ஆக 1.2 மீட்டர் நீளம், ஓரடி அகலம். புத்தக அலமாரியின் மேல்தட்டு போதும். 1:160 அளவில் ஏறத்தாழ அதில் பாதி.

ஓர் ஆட்டத்தைப் பார்ப்போம். நீளமான சைடிங்கில் வாய்ப்பக்கமிருந்து 3, 6, 1, 8, 5 என்று பெட்டிகள் நிற்கின்றன. இரண்டாவதில் 2, 7, 4. மூன்றாவது காலி. குலுக்கலில் வந்தது 4, 7, 1, 8, 2. பாதை முடியும் முட்டுக்கட்டைப் பக்கம் 4 நிற்கவேண்டும். என்ஜின் இரண்டாவது சைடிங்கின் மூன்றையும் இழுக்கிறது, காலியாக இருப்பதில் தள்ளி 4, 7 இரண்டையும் விட்டுவிடுகிறது. 2 மட்டும் பழைய இடத்துக்குத் திரும்புகிறது. நீளமானதிலிருந்து 3, 6, 1 வெளியே வருகின்றன. 1 போய் 7-க்குப் பின்னால் நிற்கிறது. 6-ம் 3-ம் 2-க்கு முன்னால் போய் நிற்கின்றன. எல்லாம் கச்சிதம் என்று தோன்றும். நிமிர்ந்து பார்த்தால் இரண்டு குட்டை சைடிங்குகளும் நிரம்பிவிட்டன, அடுத்து வேண்டிய 8 நீளமான சைடிங்கில் 5-க்கு முன்னால் நிற்கிறது, 5 நகர இடமே இல்லை, ரயில் கடைசியில் வந்து நிற்கவேண்டியதும் அந்த சைடிங்கில்தான். இங்கிருந்து வழி உண்டு. நான் சொல்லப்போவதில்லை.

இதில் ஓட்டம் ஒழுங்காக இருந்தே ஆகவேண்டும், ஏனென்றால் என்ஜின் இரண்டு அடிக்குள் ஊர்ந்து நிற்கவேண்டும். அதனால்தான் மூன்றாம், நான்காம் படிகளை முன்னால் வைத்தேன். புதிர் தீர்ந்ததும் அடுத்த சீட்டு. கட்டிமுடித்த பிறகு என்ன செய்வது என்ற கேள்வியே வராது. வட்டமாக ஓடும் ரயிலைப் பத்து நிமிடத்துக்கு மேல் பார்க்கமுடியாமல் ஆர்வம் இழந்தவர்களுக்கு இது கைகண்ட மருந்து.

சின்னதாகக் கட்டினால் பிறகு பெரிதாக்கமுடியாதே என்று சொல்பவர்களுக்கு ஜான் ஆலனின் கதை. அமெரிக்காவில் கலிஃபோர்னியாவின் மான்டரேயில் அவர் கட்டிய கோரி அண்டு டெஃபீட்டட் லேஅவுட் இந்தப் பொழுதுபோக்கின் உச்சங்களில் ஒன்று. அதன் தொடக்கம் ஏழடிக்கு நான்கடிகூட இல்லாத ஒரு பலகை. பின்னால் அறை நிறைய வளர்ந்த லேஅவுட்டுக்குள் அந்தப் பழைய பலகையை அப்படியே பொருத்திக்கொண்டார். 1973 ஜனவரியில் அவர் இறந்த சில நாள்களிலேயே தீவிபத்தில் லேஅவுட் அழிந்துபோனது. இன்றைக்கும் அவர் பெயரைச் சொல்லி விளையாடுவது டைம்சேவர் என்ற புதிரை. அதுவும் ஒரு சிறு பலகைக்குள் அடங்கும் ஷண்டிங் ஆட்டம்தான்.

ஷண்டிங் பிடிக்காது, பயணிகள் ரயில்தான் வேண்டும் என்றால் நிஜத்திலேயே குட்டியாக இருக்கும் ரயிலைத் தேர்ந்தெடுங்கள். ஜப்பானின் கிராமப் பாதைகளில் ஒற்றைப் பெட்டி டீசல் ரயில் ஓடுகிறது. நம் நீலகிரி மலை ரயில் மூன்று நான்கு பெட்டிகள்தான். கல்லாறிலிருந்து குன்னூர் வரை பல்சக்கரப் பாதையில் என்ஜின் பின்னால் நின்று, அதாவது பள்ளத்துப் பக்கமிருந்து, பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு ஏறும். அது ஓடும் மீட்டர் கேஜ் பாதை 1:87-இல் 12 மி.மீ. தண்டவாளத்தில் வரும். சுவிட்சர்லாந்து மலை ரயில்களுக்காக அந்த அளவில் ஐரோப்பாவில் தண்டவாளம் கிடைக்கிறது. நீலகிரியின் பழைய எக்ஸ் வகை நீராவி என்ஜின்களின் பிறப்பிடமும் சுவிட்சர்லாந்தின் வின்டர்தூர்தான். என்ஜினையும் பெட்டியையும் நீங்களே செய்யவேண்டியிருக்கும். செய்வதில் சுகம் காண்பவருக்கு அது குறையல்ல.

ஆறாம் படி: வேலையைத் துண்டு போடுங்கள்

‘மலை கட்டவேண்டும்’ என்று நோட்டில் எழுதினால் ஆறு மாதம் அந்த வரி அப்படியே இருக்கும். ‘தண்ணீர்த் தொட்டிக்கு இரண்டாம் பூச்சு’, ‘மூன்றாம் சைடிங்கில் ஜல்லி ஒட்டுதல்’ என்று இருபது நிமிடத்தில் முடிகிறவையாக எழுதுங்கள். அன்றைய வேலையை நிறுத்தும்போது அடுத்ததற்கான சாமானை எடுத்து மேலே வைத்துவிட்டுப் போங்கள். மறுநாள் களைத்து வந்தாலும் தேடும் சிரமம் இல்லாததால் கை தானாகப் போகும்.

பாடகர் ராட் ஸ்டூவர்ட் அமெரிக்க நகரம் ஒன்றைக் கற்பனை செய்து இருபது வருடத்துக்கு மேல் எச்ஓ லேஅவுட் கட்டினார். கச்சேரிப் பயணங்களில் ஓட்டலில் கூடுதலாக ஓர் அறை எடுத்து அங்கேயே கட்டடங்கள் செய்தாராம். நமக்கு ஓட்டல் அறை வேண்டாம், ஒரு பிஸ்கட் டப்பா போதும். கத்தி, பசை, தூரிகை, பாதி செய்த ஒரு கட்டடம். வெளியூர் போனாலும் கூடவே வரும்.

நிலக்காட்சி வேலையையும் ஒரு சாண் அகலத்துக்கு மேல் தொடாதீர்கள். அந்த ஒரு சாணை வேலி, புல், எண்ணெய்க்கறை வரை முழுதாக முடியுங்கள். முடிந்த ஒரு மூலை கண்ணில் படும்படி இருந்தால் மற்ற இடத்து வெறும் பிளைவுட் அவ்வளவாக வருத்தாது.

ஏழாம் படி: இன்னொருவரைச் சேருங்கள்

தனியாகச் செய்கிற பொழுதுபோக்கு இது என்ற எண்ணமே பலரை விலகவைக்கிறது. உங்களிடம் உள்ளதை ஒரு பத்து வயதுப் பிள்ளையிடம் கொடுத்துப் பாருங்கள். இங்கிள்நூக் சீட்டை அது குலுக்கட்டும், நீங்கள் ஓட்டுங்கள், பிறகு மாற்றிக்கொள்ளுங்கள். இரண்டு பேர் இருந்தால் ஒருவர் ஸ்டேஷன் மாஸ்டர், ஒருவர் டிரைவர், நேரம் தானாகப் போகும்.

ரசிகர்கள் சிலர் ஒரே ஊரில் இருந்தால் ஜப்பானில் பிறந்த டி-டிராக் முறை அருமையானது. 1:160 அளவில் ஆளுக்கு ஒரு பெட்டி வடிவப் பலகை செய்துகொள்கிறார்கள். ஒற்றைப் பலகை 31 செ.மீ. நீளம், அதன் மேல் இணையாக இரண்டு பாதைகள். சந்திக்கும் நாளில் மேசைகளில் வரிசையாக வைத்துப் பொருத்தினால் பெரிய லேஅவுட். மாலையில் அவரவர் பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வீடு திரும்பலாம். ஜெர்மனியில் 1981 முதல் இயங்கும் ஃபிரெமோ அமைப்பு இதே யோசனையைப் பெரிய அளவுகளில் செய்கிறது. மண்டபம் நிறையப் பாதையைக் கோத்து, கால அட்டவணை போட்டு நாள்கணக்கில் ரயில் விடுகிறார்கள். பிறர் பார்க்கப் போகிறார்கள் என்ற ஒரு தேதி இருந்தால் நின்றுபோன வேலை எப்படியோ நடந்துவிடுகிறது.

யாருமே அகப்படவில்லை என்றால் புணேயில் உள்ள ஜோஷியின் சிற்றுருவ ரயில் அருங்காட்சியகத்துக்கு ஒரு நடை போய்வாருங்கள். பல வகை ரயில்கள் ஒரே அறையில் ஒத்திசைந்து ஓடுவதைப் பக்கத்தில் நின்று பார்க்கலாம்.

எட்டாம் படி: எதை விற்பது, எதை மாற்றுவது

ஓடும் ரயில் ஒன்று கையில் இருக்கும்போதுதான் இந்த முடிவை எடுக்கவேண்டும். சோர்ந்திருக்கும்போது விற்றவர்கள் அதையே இரட்டை விலைக்குத் திரும்ப வாங்கியதைப் பார்த்திருக்கிறேன். எல்லா வண்டிகளையும் தரையில் அடுக்கி, உங்கள் லேஅவுட் சொல்லும் கதைக்குப் பொருந்தாதவற்றைப் பிரியுங்கள். ஜெர்மன் என்ஜின், அமெரிக்க சரக்குப் பெட்டி, ஜப்பானிய அதிவேக ரயில் மூன்றும் ஒரே ஸ்டேஷனில் நிற்கும் கதை எதுவும் இல்லையே. பொருந்தாதவை போகட்டும். பெரியவர் யாரோ பரிசாகக் கொடுத்தது மட்டும் கதைக்கு வெளியே இருந்தாலும் இருக்கட்டும்.

அளவை மாற்றலாமா என்று கேட்பார்கள். கண் மங்குகிறது, கை நடுங்குகிறது என்றால் பெரிய அளவுக்குப் போவது நியாயம். இடம் சுருங்கிவிட்டது என்றால் சின்ன அளவுக்கு. அலுப்பு ஒன்றே காரணம் என்றால் மாற்றாதீர்கள். அதே அலுப்பு புதிய அளவுக்கும் உங்களுடனேயே வரும், செலவு மட்டும் இரட்டிப்பாகும்.

ஒன்பதாம் படி: இப்போதைக்கு முடியாது என்றால் ஒழுங்காக மூட்டைகட்டுங்கள்

ஐந்து வருடம் கழித்துத் திறந்தாலும் பயன்படும்படி கட்டவேண்டும். என்ஜின்களைத் துடைத்து, கொஞ்சம் ஓடவிட்டு, பிறகு அட்டைப்பெட்டியில் வையுங்கள். பழைய பெட்டிகளில் இருக்கும் மெத்தைப் பஞ்சு நாளடைவில் பிசுபிசுத்து வர்ணத்தோடு ஒட்டிக்கொள்ளும், நடுவே அமிலமில்லாத மெல்லிய காகிதத்தைச் சுற்றுங்கள். பேட்டரி உள்ள எதிலிருந்தும் பேட்டரியைக் கழற்றுங்கள். சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு, இறுக்கமான மூடியுள்ள டப்பாவில் அடைத்து, வீட்டுக்குள் வையுங்கள். ஓட்டுக்கு அடியிலிருக்கும் பரண் வேண்டாம், அங்கே கோடையில் பிளாஸ்டிக் வளைந்துவிடும். கரையான் வரும் சுவரோரமும் வேண்டாம்.

பழைய துத்தநாகக் கலவை வார்ப்புகளில் ஈயம் போன்ற மாசு கலந்திருந்தால் உலோகமே உள்ளுக்குள் வெடித்துப் பொடியும். அதைத் தடுக்க வழியில்லை. ஈரம் அதைத் துரிதப்படுத்தும் என்பதால் அத்தகைய பழம்பொருள்களை உலர்ந்த இடத்தில் வைத்து, வருடத்துக்கொரு முறை வெடிப்பு விட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

பலகையைப் பிரிப்பதானால் பிரிக்கும் முன் அடிப்பக்கத்து ஒயர்களைப் புகைப்படம் எடுங்கள். ஒவ்வோர் ஒயரின் இரு முனையிலும் ஒரே எண்ணை ஒட்டுத்தாளில் எழுதி ஒட்டுங்கள். அந்த எண்களின் பட்டியலைத் தாளில் எழுதி, கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள்ளேயே மடித்து வையுங்கள். நிலக்காட்சியை வெட்டித் தூக்கிப்போடலாம், பாயிண்டுகளைச் சுத்தியலால் பெயர்க்காதீர்கள். வெள்ளைப் பசையால் ஒட்டிய ஜல்லியைத் தண்ணீர் தெளித்து ஒரு மணி நேரம் ஊறவிட்டால் தட்டைக் கத்தியால் நெம்பி எடுத்துவிடலாம். கழற்றிய பாயிண்டுகளை அன்றே கழுவி, தடத்தை மாற்றும் நாக்குகள் இரு பக்கமும் தடங்கலின்றித் திரும்புகின்றனவா என்று பார்த்துவிட்டுப் பெட்டியில் போடுங்கள்.